1966 மஸ்டாங்: 7.25 இன்ச் ஆக்சிலைக் கழட்டிட்டு எதைப் போடலாம்?

அடையாறு66 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கார் 1966 மஸ்டாங் கூப்பே, இடது பக்க ஸ்டீயரிங். கம்பெனியிலிருந்து வரும்போது 200 க்யூபிக் இன்ச் ஆறு சிலிண்டர் இன்ஜின். இப்போ உள்ளே இருக்கிறது 302 வி8, அதுக்குப் பின்னாடி டி5 அஞ்சு கியர் பெட்டி. பின் ஆக்சில் மட்டும் ஆறு சிலிண்டர் காலத்து 7.25 இன்ச் (உள்ளே இருக்கிற க்ரௌன் வீல், அதாவது பெரிய பல்சக்கரத்தின் விட்டம்), நாலு போல்ட்டு வீல். ரெண்டாவது கியரில் கொஞ்சம் அழுத்தினாலே கீழே டங்குனு அடிக்குது. கியர் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குப் போற ஷாஃப்ட்டைக் கையால் திருப்பினா ப்ளே (தளர்வு) நல்லாவே தெரியுது.

அமெரிக்கக்காரங்க எழுதுறதைப் படிச்சா பத்துல எட்டுப் பேர் எக்ஸ்ப்ளோரர் 8.8 ஆக்சிலைத்தான் சொல்றாங்க, மலிவாம். இங்கே ஒரு பட்டறையில் இன்னோவா ஆக்சில் போடலாம், போல்ட்டு துளை வட்டம் ஒண்ணுதான்னு சொன்னாங்க. சென்னையில் வெச்சு செய்யறதுக்கு எது புத்திசாலித்தனம்? எந்த ரேஷியோ (வீல் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் எத்தனை சுத்து)? ஆக்சிலோட சேர்த்து வேற எதெல்லாம் மாறும்? ஓட்டறது பெரும்பாலும் ஊருக்குள்ளே, ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர். ரேஸ் கிடையாது. டயர் 215/60 ஆர்15 போடறதா இருக்கேன்.

---

ஹைபாய்டு எழுதியது:

7.25-க்கு இனி ஒரு ரூபாய் கூட செலவு பண்ணாதீங்க. அது ஆறு சிலிண்டருக்குன்னே வெச்ச ஆக்சில். 1966-ல் ஃபோர்டு சாதாரண வி8 மஸ்டாங்குக்கு 8 இன்ச்சும், 289 ஹை பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினுக்கு 9 இன்ச்சும் கொடுத்தாங்க. வி8 கூட 7.25 வரவே இல்லை.

எக்ஸ்ப்ளோரர் 8.8-ஐ அமெரிக்காவில் புகழறதுக்குக் காரணம் இருக்கு. 1995 முதல் 2001 வரைக்கும் வந்த எக்ஸ்ப்ளோரரில் 31 ஸ்ப்ளைன் (முனையில் வெட்டின பல்) ஆக்சில், டிஸ்க் பிரேக், அஞ்சு போல்ட்டு 4.5 அங்குல வட்டம் எல்லாம் ஒரே துண்டில் கிடைக்குது. பழைய கார் உடைக்கிற இடத்தில் கொஞ்சம் காசுக்கு வாங்கிடலாம். நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நம்ம வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் பயன்படுத்திய உதிரிபாகம் தடையுள்ள பட்டியலில் வருது. தனி அனுமதி இல்லாம இறக்க முடியாது. துறைமுகத்தில் மாட்டினா ஆக்சிலும் போச்சு, தேக்கக் கட்டணமும் ஏறும். 'பழசுதான், சாம்பிள்னு போட்டு அனுப்பறோம்'னு அங்கே விக்கிறவங்க சொன்னா நம்பாதீங்க.

அனுமதி கிடைச்சாலும் வேலை நிறைய. 8.8-இன் மொத்த அகலம் சுமார் 59.5 அங்குலம். உங்க காருக்கு வேணும்கிறது 57.25. பினியன் (ஷாஃப்ட் மாட்டற, க்ரௌன் வீலைச் சுத்த வைக்கிற சின்னப் பல்சக்கரம்) நடுவில் இல்லாம ரெண்டு அங்குலம் போல வலது பக்கம் ஒதுங்கி இருக்கும். அதனால இடது பக்க நீளக் குழாயை மூணு அங்குலம் போல வெட்டி, வலது பக்கத்துக் குட்டை ஆக்சிலையே இன்னொண்ணு வாங்கி இடது பக்கமும் போடணும். குழாய் ரெண்டும் நடு வார்ப்பிரும்புக்குள்ளே அழுத்தி ஏத்தி, சின்னச் சின்ன ப்ளக் வெல்டில் நிக்குது. பலமான இன்ஜின் போட்டா குழாய் உள்ளுக்குள்ளே சுத்திடும். அதைத் தடுக்க வார்ப்பையும் குழாயையும் சுத்தி வெல்டு வைக்கணும். நிக்கல் ராடு, முன்கூட்டியே சூடு, மெதுவா ஆறவிடுறதுன்னு அது தனிக் கதை. ஆக்சில் வெளியே வராம தடுக்கிறது உள்ளே இருக்கிற ஒரு சி-கிளிப். ஆக்சில் உடைஞ்சா வீலோட வெளியே வந்துடும்.

நான் உங்களுக்குச் சொல்றது புது 9 இன்ச் ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு). ஹவுசிங், நடுப்பகுதி (க்ரௌன் வீலும் பினியனும் உள்ள கேஸ்), ஆக்சில், பேரிங், ட்ரம் பேக்கிங் ப்ளேட் வரைக்கும் எல்லாமே புதுசா கிடைக்குது. புதுப் பாகத்தை இறக்க வரி கட்டினா போதும். ஆர்டர் போடும்போது இதெல்லாம் எழுத்தில் கேளுங்க: அகலம் 57.25 அங்குலம், அது வீல் உட்காரும் முகத்திலிருந்து முகத்துக்கு. ஹவுசிங் விளிம்பு அளவை யாராவது கேட்டா குழம்பிடாதீங்க, அது வேற. ஹவுசிங் முனை ஸ்மால் பேரிங் வகை, அதாவது பேரிங் வெளி விட்டம் 2.835 அங்குலம், 72 மி.மீ. அப்போதான் 1965-66 வி8 மஸ்டாங்கின் 10 இன்ச் ட்ரம், பேக்கிங் ப்ளேட் எல்லாம் நேரா உட்காரும். ஆக்சில் 28 ஸ்ப்ளைன் போதும். பட்டை ஸ்பிரிங் உட்காரும் சீட்டை மட்டும் வெல்டு வைக்காம தனியா அனுப்பச் சொல்லுங்க. ஏன்னு கீழே யாராவது விளக்குவாங்க, விளக்கலேன்னா நானே வர்றேன்.

இன்னோவா பத்தி: 5x114.3 மி.மீ. வட்டம் ஒண்ணுதான், அது நிஜம். அதோட ஒற்றுமை முடிஞ்சது. இன்னோவா பின் ஆக்சில் காயில் ஸ்பிரிங்கும் கட்டுக் கம்பிகளும் உள்ளது, உங்களுது பட்டை ஸ்பிரிங். இன்னோவாவின் பின் டிராக் 1500 மி.மீ.-க்கு மேல், மஸ்டாங்குக்கு 56 அங்குலம், 1422 மி.மீ. வீல் மட்கார்டுக்கு வெளியே வந்து நிக்கும். அதை வெட்டிச் சுருக்கற செலவில் 9 இன்ச் வாங்கிடலாம். எண்டவர் ஆக்சில்னு அடுத்து யாராவது ஆரம்பிச்சா, அது ஆறு போல்ட்டு, 139.7 வட்டம். அங்கேயே விட்டுடுங்க.

---

புதுப்பேட்டை_ஸ்பேனர் எழுதியது:

ஹைபாய்டு அண்ணே, மரியாதையோட ஒரு மறுப்பு. 302-க்கும் டி5-க்கும் 9 இன்ச் தேவையே இல்லை. 8 இன்ச் ஆக்சிலும் 28 ஸ்ப்ளைன்தான். நடுப்பகுதியை முன்பக்கமாவே கழட்டிக்கலாம், அந்த வசதியும் ஒண்ணுதான். 1985-89 மஸ்டாங்கின் டி5-க்கு 265 பவுண்டு-அடி, 1990-93-க்கு 300 பவுண்டு-அடின்னு அளவு போட்டிருக்கு. அதுக்கு மேல போனா முதல்ல போறது கியர் பெட்டி. அப்புறம் 9 இன்ச்சில் பினியன் க்ரௌன் வீலின் மையத்திலிருந்து 2.25 அங்குலம் கீழே உட்கார்ந்திருக்கு. பல் மேல பல் வழுக்கறது அதிகம், அதனால சூடும் அதிகம், கொஞ்சம் பவரும் அங்கேயே போகுது. எடையும் கூட. நல்ல 8 இன்ச் கிடைச்சா அதுவே அழகு.

எந்த ஆக்சில் போட்டாலும் தம்பி அடையாறு66 ஒண்ணை மறந்துடக் கூடாது: பின்னாடி அஞ்சு போல்ட்டு வந்தா முன்னாடியும் அஞ்சு போல்ட்டு வரணும். ஆறு சிலிண்டர் காரின் முன் ஸ்பிண்டில் வேற, சின்னது. வி8 ஸ்பிண்டில் போட்டா டை ராடு எண்டும் (ஸ்டீயரிங் கம்பியின் முனை) மாறும், ஏன்னா துளையின் டேப்பர் வேற. ஆறு சிலிண்டர் ட்ரம் நாலு பக்கமும் 9 இன்ச். பின்னாடி மட்டும் 10 இன்ச் ஆக்கிட்டு முன்னாடி 9 இன்ச்சிலேயே விட்டா, மழையில் பிரேக் அடிக்கும்போது பின் வீல் முதல்ல பூட்டிக்கும், கார் திரும்பிடும். முன்னாடி டிஸ்க் போட்டுடறது உத்தமம். 1966-ல் மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை அறைதான்; ஒரு இடத்தில் குழாய் போனா நாலு வீலும் போச்சு. ரெட்டை அறை மாஸ்டருக்கு மாத்திட்டு, பின் லைனில் ஒரு ப்ரொப்போர்ஷனிங் வால்வு (பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கிறது) போடுங்க.

வீல் விஷயத்திலும் இன்னோவா பேச்சு வரும். இன்னோவா அலாய் வீலின் நடுத் துளை 60.1 மி.மீ. மஸ்டாங் ஆக்சிலின் நடு மேடு 70 மி.மீ.-க்கு மேல். வீல் முகத்தில் படியவே படியாது. கடைசல் பண்ணி பெருசாக்கினாலும் அந்த வீலின் ஆஃப்செட் முன்சக்கர இழுவை காருக்கும் எம்பிவிக்கும் வரைஞ்சது. டயர் உள்பக்கம் போய் பட்டையில் உரசும். உங்களுக்கு 15x7, பேக் ஸ்பேஸ் (வீல் உட்காரும் முகத்திலிருந்து உள் விளிம்பு வரைக்கும்) 4.25 அங்குலம். ஸ்டட் அரை அங்குலம், 20 திரி. நம்ம ஊர் 12 மி.மீ. நட்டு ரெண்டு திரி ஏறி இறுகின மாதிரி காட்டும், அதை ஒரு நாளும் நம்பாதீங்க.

---

ஹைபாய்டு எழுதியது:

8 இன்ச் போதும்னு நீங்க சொல்றது சரி, ஸ்பேனர். அமெரிக்காவில் இருந்தா நானும் அதையே சொல்லுவேன். பிரச்சினை, அசல் 8 இன்ச் ஹவுசிங்னா அது அறுபது வருஷப் பழசு, மறுபடி அதே அனுமதிச் சிக்கல். இந்தியாவுக்குள்ளேயே யாராவது கழட்டி வெச்சிருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்; நேரா உட்காரும், வெல்டிங்கே கிடையாது. கிடைக்கலேன்னா 9. சூடு பத்திச் சொன்னதும் சரி, அதுக்கு எண்ணெயில் வழி இருக்கு.

---

அம்பத்தூர்_லேத் எழுதியது:

சீட்டைத் தனியா அனுப்பச் சொன்னது ஏன் என்பதை விளக்குகிறேன். இந்த வேலையில் கெட்டுப்போகும் ஆக்சில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் கெடுகின்றன.

சீட்டுதான் பினியன் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் காரில் கியர் பெட்டி முன்பிருந்ததல்ல, அதன் தாங்கி வேறு, பட்டையும் அறுபது ஆண்டில் தொய்ந்திருக்கும் அல்லது புதிதாக மாற்றியிருப்பீர்கள். எனவே யாரோ ஒரு தொழிற்சாலையில் பற்றவைத்த கோணம் உங்கள் காருக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை.

பட்டைகளின் நடு போல்ட்டிலிருந்து நடு போல்ட்டுக்கு 43 அங்குலம் வரும், ஆனால் உங்கள் காரில் அளந்து பாருங்கள். பட்டை அகலம் 2.5 அங்குலம், 9 இன்ச் ஹவுசிங் குழாய் 3 அங்குலம். சீட்டு இரண்டுக்கும் பொருந்தியதாக இருக்க வேண்டும். மஸ்டாங்கில் ஆக்சில் பட்டையின் மேலே உட்காரும். சீட்டைப் பட்டை மேல் வைத்து, போல்ட்டு தலை துளையில் இறங்கியதைப் பார்த்து, அதன்மேல் ஹவுசிங்கை இறக்கி, யூ போல்ட்டை லேசாக மட்டும் முடுக்குங்கள். ஹவுசிங் சீட்டுக்குள் திரும்ப வேண்டும்.

இப்போது காரின் முழு எடையும் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் பாடியைத் தூக்கி வைத்து, ஆக்சில் தொங்கும்போது கோணம் பார்ப்பது பயனற்ற வேலை. நாலு தூண் லிஃப்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்டாண்டை ஆக்சில் குழாயின் கீழ், சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே வைத்து, முன் சக்கரங்களையும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள். பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கட்டும். பட்டையின் கண் போல்ட்டுகளைத் தளர்த்தி, இந்த உயரத்தில்தான் மறுபடி முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். கார் உயரமும் பொய், கோணமும் பொய்.

டிஜிட்டல் கோணமானியைக் கியர் பெட்டி பின்முனையில் வையுங்கள். 3 டிகிரி கீழ்நோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பினியன் 3 டிகிரி மேல்நோக்கி இருந்தால் இரண்டும் இணை. ஆனால் பட்டை ஸ்பிரிங்கில் ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே ஏறும். அந்த ஏற்றத்துக்கு இடம் விட்டு 2 டிகிரி குறைத்து, பினியனை 1 டிகிரி மேல்நோக்கி நிறுத்துங்கள். பிறகு ஷாஃப்ட்டின் சாய்வையும் அளந்து, ஒவ்வொரு கிராஸும் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பு) உண்மையில் எத்தனை டிகிரியில் வேலை செய்கிறது என்று கணக்கிடுங்கள். 1 முதல் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 'சுத்தமாக நேராக இருக்கட்டும்' என்று 0 டிகிரி வைப்பதும் தவறு. ஊசி பேரிங் ஒரே இடத்தில் அழுத்திக் குழி விழுந்துவிடும்.

கோணம் சரியானதும் ஒவ்வொரு சீட்டுக்கும் நாலு டாக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும். காரின் கீழேயே முழு வெல்டு வைக்காதீர்கள். பெட்ரோல் டாங்க் தலைக்கு மேல் இருக்கிறது. டாக் போடுவதற்கு முன்பே பேட்டரியைக் கழற்றி, டாங்க்கையும் லைனையும் நனைத்த கோணியால் மறைத்து, பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும்.

பிறகு ஹவுசிங்கை இறக்கி மேசையில் வைத்து முழு வெல்டு. உள்ளே இருக்கும் நடுப்பகுதி, ஆக்சில், பேரிங் எதுவும் அப்போது இருக்கக் கூடாது. இரண்டு முனை பேரிங் இருக்கையிலும் நடுவிலும் வளையம் போட்டு ஒரு நேர்க் கம்பியை முழு நீளத்துக்கும் செருகிக்கொண்டு வெல்டு வையுங்கள். சீட்டு குழாயின் கீழ்ப்பக்கம் இருப்பதால், வெல்டு ஆறிச் சுருங்கும்போது குழாயின் முனைகள் கீழ்நோக்கி வளையும். ஓர் அங்குல நீளம் இடது பக்கம், ஓர் அங்குலம் வலது பக்கம், கையால் தொடக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டு அடுத்தது. ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு ஈரச் சாக்கைப் போட்டு ஆற்றினால் முடிந்தது கதை. வேலை முடிந்த பிறகு அந்தக் கம்பியைக் கையால் உருவ முடிய வேண்டும். சுத்தியலால் அடித்து வெளியே எடுக்க வேண்டியிருந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. அதை நேராக்காமல் ஆக்சிலைப் போட்டால் ஆறு மாதத்தில் பேரிங்கும் சீலும் போகும்.

சிஓ2 வெல்டிங் வசதியாக இருக்கும். ஆர்க் என்றால் 7018 ராடு. சென்னைக் காற்றில் 7018 பெட்டியைத் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெல்டுக்கு அடியில் விரிசல் வரும். ராடு சூளையிலிருந்து நேராகக் கைக்கு வர வேண்டும். சூளை இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள்.

---

அடையாறு66 எழுதியது:

அண்ணன்மார் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 8 இன்ச் உள்ளூரில் தேடிப் பார்த்தாச்சு, கிடைக்கலை. 9 இன்ச்னு முடிவு பண்ணிட்டேன். ரேஷியோ இன்னும் குழப்பம். 4.11 போட்டா 'சும்மா பறக்கும்'னு சொல்றாங்க, 3.00 போட்டா பெட்ரோல் மிச்சம்னும் சொல்றாங்க. நடுப்பகுதியை செட் பண்ணியே வாங்கறதா, இங்கே செட் பண்றதா?

---

ஹைபாய்டு எழுதியது:

கணக்குப் போட்டுடுவோம். 215/60 ஆர்15 டயரின் விட்டம் 639 மி.மீ., சுத்தளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் வீல் நிமிஷத்துக்கு 830 சுத்து. மஸ்டாங் டி5-இல் முதல் கியர் 3.35, அஞ்சாவது 0.68.

3.00 போட்டா அஞ்சாவதில் 100-க்கு இன்ஜின் 1,700 ஆர்பிஎம் பக்கம். 302-க்கு அது ரொம்பக் கம்மி. கேம் கொஞ்சம் பெருசா இருந்தா அந்த வேகத்தில் குலுங்கும், நீங்க நாலாவதுக்கே இறக்கி ஓட்டுவீங்க. அப்போ அஞ்சாவது கியர் இருந்து என்ன பிரயோஜனம்? 4.11-இல் 2,320. ஹைவேயில் தாங்கலாம், ஆனா முதல் கியர் மொத்தம் 13.8 ஆயிடும், சிக்னலில் கிளம்பி நாலு மீட்டர் போறதுக்குள்ளே ரெண்டாவது கேட்கும். 3.50 போட்டா 100-இல் 1,975. முதல் கியர் மொத்தம் 11.7. ஐடில் 800-இல் கிளட்ச்சை முழுசா விட்டா கார் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஊரும். 3.00-இல் அதுவே 9.6. கத்திப்பாராவில் சாயங்காலம் ஒரு தடவை மாட்டினா அந்த ஒண்ணரை கிலோமீட்டர் வித்தியாசம் உங்க இடது காலுக்குத் தெரியும், 3.00-இல் கிளட்ச்சைப் பாதி பிடிச்சே ஊரணும். 3.50 எடுங்க.

ஸ்பீடோமீட்டர் கியரும் மாறும். 3.50-க்கும் இந்த டயருக்கும், டி5-இன் உள்கியர் 7 பல்லுன்னா ஓட்டப்படும் கியர் 20 பல்லு. பெட்டியைப் பூட்டறதுக்கு முன்னாடியே உள்கியர் பல்லை எண்ணி எழுதி வெச்சுக்கோங்க.

லிமிடெட் ஸ்லிப் (ஒரு வீல் மட்டும் சும்மா சுத்தாம தடுக்கிறது) போடறதா இருந்தா கியர் வகை எடுங்க, கிளட்ச் தகடு வகை வேண்டாம். கிளட்ச் வகைக்கு எண்ணெயில் தனிச் சேர்மானம் ஊத்தணும், தகடு தேயும். லாக்கர் வகை ஊருக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் சத்தம் போடும், மழைத் தண்ணீரில் பின்பக்கம் இழுக்கும்.

நடுப்பகுதியை செட் பண்ணியே வாங்குங்க, ஆனா வந்ததும் கண்ணை மூடிக்கிட்டு பூட்டாதீங்க. கப்பலில் ஆடி வந்த பெட்டி அது. டயல் இண்டிகேட்டர் வெச்சு பேக்லாஷ் (பல்லுக்கு நடுவே இருக்கிற இடைவெளி) பாருங்க: க்ரௌன் வீலைச் சுத்தி நாலு இடத்தில், 0.20 முதல் 0.30 மி.மீ. கியர் மேல தயாரிப்பாளர் வேற எண் பொறிச்சிருந்தா அதுதான் சட்டம். பினியன் பேரிங் இறுக்கம் ஸ்பிரிங் தராசில் பார்க்கலாம்: க்ரௌன் வீல் இல்லாம பினியன் தனியா இருக்கும்போது, யோக்கில் (ஷாஃப்ட் மாட்டற கவை) மையத்திலிருந்து 50 மி.மீ. ஆரத்தில் நூல் சுத்தி இழுத்தா, புதுப் பேரிங்குக்கு 5 கிலோ பக்கம் சீரா சுத்தணும். சேர்த்துப் பூட்டி வந்ததில் இதைப் பார்க்க முடியாது, அதனால அந்த அளவை விக்கிறவங்ககிட்ட எழுதி வாங்குங்க.

பல் மேல சாயம் தடவி தடம் பாருங்க. இங்கேதான் நம்ம ஊரில் தப்பு நடக்கும். மத்த ஆக்சிலில் ஷிம் (மெல்லிய தகடு) பினியன் தலைக்குப் பின்னாடி இருக்கும், ஷிம் கூட்டினா பினியன் க்ரௌன் வீல் பக்கம் போகும். 9 இன்ச்சில் பினியன் தனி கூட்டில் இருக்கு, அஞ்சு போல்ட்டில் முன்னாடி வந்து உட்காருது, ஷிம் அந்தக் கூட்டுக்கும் கேஸுக்கும் நடுவில். ஷிம் கூட்டினா பினியன் விலகிப் போகும். லாரி க்ரௌன் செட் பண்ணி கைதேர்ந்தவர் கூட பழக்கத்தில் தலைகீழா பண்ணிடுவார். தடம் பல்லின் அடியில் விழுந்தா பினியன் ரொம்ப உள்ளே, ஷிம் கூட்டணும். பல்லின் உச்சியில் விழுந்தா ஷிம் குறைக்கணும். முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லிடுங்க.

28 ஸ்ப்ளைன் கேஸின் பக்கவாட்டு பேரிங் வழக்கமா எல்எம்501349, கப் எல்எம்501310. ஜிபி ரோட்டில் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். கார் பேரைச் சொன்னா இல்லைன்னு அனுப்பிடுவாங்க.

---

அம்பத்தூர்_லேத் எழுதியது:

ஆக்சில் பேரிங் பற்றி ஒரு வார்த்தை. பேரிங்கையும் அதன் பின்னால் வரும் தடுப்பு வளையத்தையும் ஒரே தடவையில் பிரஸ்ஸில் ஏற்றக் கூடாது. ரிடெய்னர் ப்ளேட் முதலில், பிறகு பேரிங் தோள்பட்டையில் உட்கார்ந்ததா என்று பார்த்து, அதற்குப் பிறகு தனியாக வளையம். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் அழுத்தம் பேரிங் வழியாகப் போய், கண்ணுக்குத் தெரியாமல் குழி விழும். ப்ளேட்டைப் போட மறந்து பேரிங்கை ஏற்றிவிட்டால் அந்தப் பேரிங்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த ஆக்சிலை வெளியே வராமல் பிடித்திருப்பது அந்த வளையம்தான், சுத்தியல் வேலைக்கு இங்கே இடமில்லை.

ஷாஃப்ட் கடைசியில்தான். ஆக்சில் முழுதாகப் பூட்டி, கார் எடையில் நிற்கும்போது, முன் யோக்கை முழுக்க உள்ளே தள்ளி முக்கால் அங்குலம் வெளியே இழுத்து, அங்கிருந்து பின் யோக் வரை அளந்து வெட்டக் கொடுங்கள். இடமே விடாமல் வெட்டினால் ஒரு பள்ளத்தில் பட்டை அமுங்கும்போது ஷாஃப்ட் போய்க் கியர் பெட்டியின் பின் புஷ்ஷில் இடிக்கும். பின் யோக் 1330 அளவில் வந்தால், முன்பக்கம் 1310 ஆக இருந்தால் இரண்டு அளவும் சேர்ந்த கிராஸ் கேளுங்கள், கிடைக்கிறது. ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் காதும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பாலன்ஸ் பண்ணும் கடையில் உங்கள் ஷாஃப்ட் 3,000 ஆர்பிஎம்மில் சுற்றும் என்று சொல்லுங்கள். லாரி ஷாஃப்ட் கணக்கில் விட்டுவிடுவார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது அதிர்வு வந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் யோசியுங்கள். 3.50 ரேஷியோவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் 2,905 சுற்று, அதாவது நொடிக்கு 48. கைப்பேசியின் அதிர்வு அளவிச் செயலியை இருக்கைத் தண்டவாளத்தில் வைத்துப் பாருங்கள். 48 காட்டினால் பாலன்ஸ் அல்லது யோக் ரன்அவுட் (மையம் விலகிச் சுற்றுவது). 97 காட்டினால் கோணம். 14 காட்டினால் அது டயரோ வீலோ, ஆக்சிலைத் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டதும் மறைந்தால் பினியன் மூக்கு அதிகம் ஏறுகிறது. பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே ஆப்பு வைத்து ஒரு டிகிரி இறக்கிப் பாருங்கள்.

---

அடையாறு66 எழுதியது:

கடைசியா ஒண்ணு. எண்ணெய் எது, எவ்வளவு? புது கியர், வெயில் காலத்தில் முதல்முறை ஓட்டும்போது எதைக் கவனிக்கணும்?

---

புதுப்பேட்டை_ஸ்பேனர் எழுதியது:

ஜிஎல்-5 தர கியர் எண்ணெய், நம்ம வெயிலுக்கு 85டபிள்யூ-140. மினரல் எண்ணெயே எடுங்க, கியர் வகை லிமிடெட் ஸ்லிப்புக்கும் அதான் பொருத்தம். ஜிஎல்-4 கையில் இருக்குன்னு ஊத்திடாதீங்க. 9 இன்ச்சில் பல் வழுக்கறது அதிகம்னு மேலே சொன்னேனே, ஜிஎல்-4-இன் மருந்து அதுக்குப் போதாது. அளவு சுமார் 2.4 லிட்டர், அடைப்பான் துளையின் கீழ் விளிம்பு வரைக்கும் வந்தா சரி. ஊத்திட்டு ரெண்டு பக்கமும் ஒருமுறை ஜாக்கியில் தூக்கி இறக்குங்க, குழாய்க்குள் போகும். அப்புறம் மறுபடி பாருங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.

நடுப்பகுதியைப் பூட்டற பத்து நட்டுக்கும் செப்பு வாஷர், 30 முதல் 40 பவுண்டு-அடி, குறுக்கு மறுக்கா. ஸ்டட் துளை உள்ளே வரைக்கும் திறந்திருக்கு, வாஷர் இல்லேன்னா அங்கேதான் கசியும்.

முதல் ஓட்டம் 25 கிலோமீட்டர், 80-க்கு மேல வேண்டாம், அழுத்தாம. விடிகாலை அஞ்சு மணிக்கு எடுத்துட்டு போங்க. வந்து நிறுத்தி, முழுசா ஆறவிடுங்க, அரை மணிக்குக் குறையாம. இப்படி ரெண்டு மூணு தடவை. புதுப் பல் ஒண்ணோட ஒண்ணு படியறப்போ சூடு ஏறும். அந்தச் சூட்டிலேயே தொடர்ந்து விரட்டினா பல் மேற்பரப்பு நீலம் பூத்து மிருதுவாயிடும், அப்புறம் ஊளைச் சத்தம் ஆயுசுக்கும் போகாது. 800 கிலோமீட்டரில் எண்ணெயை மாத்துங்க. வர்றதில் மினுமினுன்னு சாம்பல் பொடி இருந்தா அது இயல்பு. நகத்தில் எடுக்கக்கூடிய சில்லு இருந்தா நடுப்பகுதியை இறக்கிப் பாருங்க.

பிரீதர். இதை யாரும் சொல்லலை. ஹவுசிங் மேல இருக்கிற அந்தச் சின்ன மூச்சுக் குழாய் அடைச்சா சூட்டில் காத்து விரிஞ்சு எண்ணெயை ஆக்சில் சீல் வழியா ட்ரம்முக்குள்ளே தள்ளும். சீல் புதுசு, ஏன் ஒழுகுதுன்னு மூணு தடவை சீல் மாத்துவாங்க. சென்னையில் இன்னொரு தொல்லையும் உண்டு. நவம்பர் மழையில் வேளச்சேரிப் பக்கம் முழங்கால் தண்ணியில் இறங்கினா, சூடா இருக்கிற ஹவுசிங் சடார்னு ஆறி உள்ளே காத்து சுருங்கும், பிரீதர் வழியா தண்ணியை உறிஞ்சும். பிரீதரில் ஒரு எண்ணெய் தாங்கும் ஹோஸ் மாட்டி, பின் சீட்டுக்கு அடியில் மேல்பக்கம் வளைச்சு, பெட்ரோல் வாயை விட உயரத்தில் முடிங்க. ஆக்சில் ஏறி இறங்கும்போது இழுக்காத அளவுக்குத் தொய்வு வேணும். அப்படியும் தண்ணியில் போயிட்டா அடுத்த நாளே அடைப்பானைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க. எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தா அன்னிக்கே மாத்திடணும், ஒரு வாரம்கூட விடாதீங்க.

கழட்டின 7.25 ஆக்சிலையும் நாலு போல்ட்டு ட்ரம்மையும் எண்ணெய் தடவிக் கட்டி வெச்சுக்கோங்க. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி அம்பது வருஷம் தாண்டின வண்டி, சேஸி, பாடி, இன்ஜின் பெரிய மாற்றமில்லாம அசல் நிலையில் இருக்கணும்னு இருக்கு. நாளைக்கு அந்த விஏ வரிசை எண் வாங்கணும்னு தோணினா, ஆறு சிலிண்டர் இன்ஜினும் இந்த ஆக்சிலும் கையில் இருக்கறது பெரிய விஷயம். பழைய இரும்புக்குப் போட்டுட்டா திரும்பக் கிடைக்காது.